பதினேழாம் இலக்கத் திசு

தவராசா அண்ணன் காலமாகிவிட்டார் என்று தேற்றாத்தீவிலிருந்து அவருடைய மகள் அழைத்துச் சொன்னபோது நான் நுணுக்குக்காட்டியில் கண் வைத்திருந்தேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டனவாம். அவருக்கு உடம்பில் வருத்தம் என்றே எனக்குத் தெரியாது. வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டு என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தார்.

எங்கள் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் அவர் திசுவைச் சீவிச் சாயமேற்றினார். நான் பார்த்து எழுதினேன். வயதான ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீங்குவதைப் பற்றிய ஆய்வு. புற்றுநோயல்ல, ஆனால் சிறுநீர் வழியை அடைத்து நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். சுரப்பிக்குள் அழற்சி தங்கிவிடுகிறது. அங்கே குவியும் உயிர்க்கலங்கள் ஒட்சிசனைத் தின்றுவிட, திணறும் திசு வளரச் சொல்லிச் சமிக்ஞை அனுப்புகிறது. வளர வளர இன்னும் திணறுகிறது, அழற்சியும் கூடுகிறது. அந்தச் சமிக்ஞை கொடுக்கும் புரதம் இருக்கும் இடம் சாயத்தில் பழுப்பாகத் தெரியும். "பழுப்பெண்டா மூச்சு முட்டுது, டொக்டர்" என்பார் அண்ணன்.

ஆண்கள் என்னிடம் வாய் திறக்க மாட்டார்கள். கரடியனாற்றுக் கிராமத்தில் விபரம் எடுக்கப் போனபோது அவர்தான் ஒவ்வொருவரையும் மரநிழலுக்குத் தனியே கூட்டிப்போய், இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்று கேட்டு எழுதினார். திரும்பும் வழியில் ஒதுங்குவதற்கென்று வேனை மூன்று தரம் நிறுத்தச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வேலை நேரத்தில் தேத்தண்ணி குடிப்பதை விட்டுவிட்டார். நீட்டினால் "மறுகா குடிக்கிறன்" என்று பிறகுக்குத் தள்ளுவார். மெலிந்து மாப்பிள்ளையாகப் போகிறீர்களோ என்று கேலி செய்தேன்.

திசு யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. ஆகவே திசு ஒட்டிய கண்ணாடித் தட்டில் இலக்கம் மட்டும் இருக்கும். பெயர்களையும் பதில்களையும் அண்ணன் உறையிலிட்டு ஒட்டித் தன் அலுமாரியில் வைத்திருந்தார். பதினேழாம் இலக்கம் வெளியூர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருடையது என்றார். தட்டு முழுக்கப் பழுப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த மனிசன் இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு என்ன செய்தவராம்?"

அவர் சாயப் போத்தலை மூடிக்கொண்டிருந்தார். "வெக்கமா இரிந்திரிக்கும், டொக்டர்" என்றார்.

போன கிழமை ஆய்வை முடிப்பதற்காக அந்த உறையைப் பிரித்தேன். பதினேழுக்கு நேரே அவருடைய கையெழுத்தில் அவருடைய பெயர். மற்றவர்களுக்குப் போலவே ஊரும் வயதும் ஒழுங்காகப் போட்டிருந்தார். இரவில் எத்தனை தரம் என்ற இடத்தில் ஆறு என்று இருந்தது. இதை வாசிக்கும், அவரை அறிந்தவர்களே, நம்மில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. அவரே தன்னிடம் கேட்டு, அவரே எழுதியிருக்கிறார்.

அந்தத் தட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் போத்தல் மூடும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கண்ணாடித் தட்டும் அவருடைய கேள்வியும்தான். இப்போது ஆய்வுகூடத்தில் யாராவது தேத்தண்ணி வேண்டாம் என்றால் நான் சிரிப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டு, இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்று கேட்கிறேன்.