ரீத்தாவின் டப்பா மூடி

ஃபெரியின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே ரீத்தா டப்பாவைத் திறந்துவிட்டாள். பாம்பூஃப்ளாட் கரையிலிருந்து கடல் தாண்டிச் சாத்தம் தீவுக்குப் போகிற காலை ஃபெரியில் இடது பக்க பெஞ்சு அவளுடையது. டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மூடியில் வைப்பாள். மூடி கைமாறிப் போகும். முதலில் வெல்டர் நெல்சன், அடுத்து காட்டிலாகாவில் வேலை பார்க்கும் ராஞ்சிக்காரர் தோப்போ, கடைசியில் ஜெயராமன். ஜெயராமன் மட்டும் உள்ளங்கையைக் காட்டி, "பேட் ஃபுல், வயிறு நெறைஞ்சிருக்கு" என்பார். மூடி அவர் மூக்குக்குக் கீழே சற்று நின்று பார்த்துவிட்டு ரீத்தாவிடமே திரும்பும்.

"இன்னிக்கு என்னக்கா இது?" என்று நெல்சன் கேட்டான்.

"முழுங்கிட்டுக் கேளு. பேரச் சொன்னா நீ மொகத்தச் சுளிப்ப."

அவளுடைய சட்டம் அது. தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பெயர் வெளியே வரும். அன்றைக்கு அது சீமைப்பலாவும் சாமையும் போட்ட பொங்கல். அதற்கு முந்தைய வாரம் தாழம்பழத்தை அவித்துப் பிசைந்த ரொட்டி. நிக்கோபார்க்காரம்மா ஒருத்தி பாவாடைக்கு நாடா மாற்ற அவளுடைய தையல் மிஷினைத் தேடி வந்தபோது செய்முறையையும் விட்டுப் போயிருந்தாள். மாயாபந்தர் பக்கம் கரேன் இன மக்கள் பயிரிடும் கறுப்பு ஒட்டரிசியில் கொழுக்கட்டை செய்த நாளும் உண்டு. கணவாய் மையில் வேகவைத்த வரகுதான் கொஞ்சம் அதிகம். நெல்சன் அன்று முழுவதும் கரிப்பல்லோடு அலைந்தான். பாக்கு போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாயா என்று போர்மேன் ஏசினாராம்.

ஆனால் ரீத்தாவுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. தோப்போ ஒருநாள் வீட்டிலிருந்து சிவப்பெறும்புச் சட்னி கொண்டுவந்தார். பெஞ்சு மொத்தமும் ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தது. ரீத்தா விரலால் வழித்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்தாள். "இதுக்குப் புளியே வேண்டாம் போலிருக்கு. எறும்பே புளிக்குது" என்று தன் ஊர்த் தமிழில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, "தோப்போ பையா, லஸூன் கித்னா டாலா?" என்று பூண்டுக் கணக்கை விசாரித்தாள். மறுவாரம் தோப்போவின் வீட்டுக் கேழ்வரகு மாவு அவளிடமும், அவளுடைய கம்பு மாவு தோப்போவிடமும் இருந்தன. தீவில் எத்தனை ஊர் மக்கள் இருக்கிறார்களோ அத்தனை ஊர் அடுப்பையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வாள் போலிருக்கிறது.

பிழைப்பு என்னவோ தையல். அபர்டீன் பஜாரில் ஒரு புடவைக் கடையின் மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருக்கிறாள். புதுத் துணி தைப்பதில்லை. பிரிப்பது, பிடிப்பது, கரை மடிப்பது, அவ்வளவுதான். பேச்சை நிறுத்தாமலே நூல் நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவாள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே சும்மா கிடக்கும். ப்ளவுஸைப் பிரித்துவிடச் சொல்லி வருகிறவர்களிடம், "வெள்ளச் சோத்தக் கொறச்சிட்டுச் சாமைக்கு மாறுங்க. ப்ளவுஸு தானாச் சரியாவும்" என்று சொல்லி அனுப்புவாள். தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாளே என்று புடவைக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவள் புருஷன் பிரகாசம் மீன்பிடிக்கிறவன். வீட்டில் எது போட்டாலும் பேசாமல் தின்றுவிடுவான். கடலில் இருக்கும் நேரத்தில்தான் அவனுக்கு வெள்ளைச் சோறு.

ஜெயராமன் வேறு ரகம். முப்பாட்டன் காலத்தில் கைதியாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பம். லோக்கல் பார்ன், தலைமுறை தலைமுறையாகத் தீவிலேயே பிறந்தவன் என்று சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். காலையும் தயிர்சாதம், மதியமும் தயிர்சாதம், இரவில் மட்டும் ஒரு மாறுதலுக்குத் தயிர்சாதத்தோடு அப்பளம். "அரே ரீத்தா, நீ தர்றதெல்லாம் கிளித் தீனி. நமக்குத் தயிர்சாதம் போதும், பஸ்" என்று பல வருஷமாக அவளைச் சீண்டி வந்தவர்.

அப்படிப்பட்டவருக்குத்தான் மழை தொடங்கிய சமயத்தில் சர்க்கரை வந்து சேர்ந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அரிசியைக் குறைக்கச் சொன்னார். ஜெயராமன் மாத்திரையை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்து வைத்து ஒழுங்காக விழுங்கினார். அரிசியையும் பாதியாகக் குறைத்தார். குறைத்த இடத்தில் என்னத்தை வைப்பது என்றுதான் தெரியவில்லை. அந்தக் குழிக்குள் பசிதான் போய் உட்கார்ந்துகொண்டது. யாரைக் கேட்டால் தெரியுமோ அந்த ஆள் தினமும் பக்கத்து இடத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

ஆனால் கேட்க முடியாது. மனைவி அகிலா சென்னையில் இருந்தாள். மகள் ஹரிணிக்கு முதல் பிரசவம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இவருக்குச் சர்க்கரை என்று காதில் விழுந்தால் அகிலா அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள். மகள் அங்கே தனியாகக் கிடப்பாள். அதனால் குழந்தை பிறக்கும்வரை மூச்சு விடுவதில்லை என்று இருந்தார். ரீத்தாவிடம் சொல்வதும் ஒன்று, சாத்தம் படகுத்துறையில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. நெல்சனின் மனைவி ஷெர்லின் முழுகாமல் இருக்கும் செய்தியே நெல்சனின் அம்மாவுக்கு இந்த பெஞ்சில் வைத்துத்தான் தெரிந்தது. போதாக்குறைக்கு ரீத்தாவும் அகிலாவும் அன்றாடம் போனில் பேசுகிறவர்கள். இன்றைக்கு என்ன சமையல் என்பதில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. ஜெயராமனுக்கு நோயைவிட ரீத்தாவிடம்தான் பயம்.

காட்டிக்கொடுத்தது பேண்ட். இடுப்பு சுருங்கச் சுருங்க பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்டார். பிறகு இன்னொரு ஓட்டை. பெல்ட் இறுகியது, பேண்ட் பின்னால் கொசுவம் வைத்த மாதிரி சுருண்டு நின்றது. ஒருநாள் சாத்தத்தில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கை குடைக்கு, ஒரு கை பைக்கு, இன்னொரு கை பேண்ட்டுக்கு வேண்டியிருந்தது. அந்த மூன்றாவது கைக்கு எங்கே போவார்? வேறு தையல்காரரிடம் கொடுக்கலாம் என்று யோசித்தார். கொடுத்தால், "என் தையல்ல என்ன கொறை கண்டிய?" என்று ரீத்தா நடுக்கடலில் வைத்து நியாயம் கேட்பாள். வேறு வழியில்லாமல் சாயங்காலம் இன்னொரு பேண்ட்டோடு ரீத்தாவின் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றார்.

"கொஞ்சம் பிடிக்கணும்மா. டெய்லி வாக்கிங் போறேன். அதான்."

"நல்லது அண்ணாச்சி."

இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றினாள். பார்த்தாள். பிரித்து இன்னொரு தரம் சுற்றினாள். அவருடைய கைக்கடிகாரம் முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடந்ததைப் பார்த்தாள். பையில் புதிதாகக் குடியேறியிருந்த பெரிய தண்ணீர் பாட்டிலையும் பார்த்தாள். ஜெயராமன் வாக்கிங் போகும் பாதையைப் பற்றி நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"நாளைக்குச் சாயந்தரம் வாங்க."

அவ்வளவுதான். ரீத்தா பேசினால் தாங்கிக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? ஜெயராமன் அன்று இரவு அரைவயிற்றுத் தயிர்சாதத்தைக்கூட முழுசாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவள் டப்பாவைத் திறப்பதற்குள் நெல்சன் முந்திக்கொண்டான். "என்ன சார், நாளுக்கு நாள் எளைச்சிட்டே வாறீங்க. சுகர் கிகர் செக் பண்ணீங்களா? எங்க மாமாவும் இப்படித்தான் எளைச்சாரு."

இதோ வந்துவிட்டது என்று ஜெயராமன் ரீத்தாவின் வாயையே பார்த்தார்.

"சுகரும் இல்ல, கிகரும் இல்ல" என்றாள் ரீத்தா. "அகிலாக்கா மெயின்லேண்ட் போயிருக்கா. ஒத்தையில கெடக்க ஆம்பள எளைக்காம கொழுப்பானா? மொதல்ல ஒன் சட்டையப் பாரு. பட்டனும் காஜாவும் மொகம் பாத்து எத்தன நாளாச்சோ."

பெஞ்சு சிரித்தது. நெல்சன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"சிரிச்சா போதாது. ஒனக்கு ஒண்ணு சொல்லித் தாரேன், கேட்டுக்க." இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினாள். "அரை டம்ளர் குதிரைவாலி. நல்லாக் கழுவி ஊற வையி. அரைக்கு ஒண்ணேகால் டம்ளர் தண்ணி. சின்னக் குக்கர்ல சிம்ல வச்சி ரெண்டு விசில். ஒரு ஆளுக்குச் சரியா இருக்கும்."

"எங்க வீட்டுல நாலு பேருக்கா."

"மொதல்ல ஒரு ஆளுக்குப் பழகு."

"நான் எங்க சமைக்கேன்? ஷெர்லின்தான்."

"அவ முழுகாம இருக்கா. நீதான் பழகணும். ஆற வுட்டுட்டுத் தயிர ஊத்திப் பெசஞ்சிரு. கடுகு, இஞ்சி, பச்ச மொளகா, கருவேப்பில தாளி. கண்ண மூடிட்டுத் தின்னா தயிர்சாதம்னே நெனப்ப."

"எனக்குத் தயிரே புடிக்காதுக்கா."

"புடிக்கும். கேளு. கூட வெள்ளரிக்கா நெறைய வச்சிக்க. நல்லதுன்னு சொல்லிட்டு அள்ளி அள்ளிப் போட்டுக்கிடாத, ஒரு தட்டோட எந்திரிச்சிரணும். அள்ளிப் போட்டா இதுவும் சோறு மாதிரிதான். பொறவு, மாத்திர திங்குதவுக இதச் சாப்புடுதோமேன்னு மாத்திரைய நிப்பாட்டிரப்படாது."

"நான் எந்த மாத்திரையும் திங்கலியேக்கா."

"பொதுவாச் சொல்லுதேன்."

நெல்சன் தோப்போவைப் பார்த்தான். தோப்போ கடலைப் பார்த்தார். ஜெயராமனின் கை சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. தனக்காகத்தான் இத்தனை கத்தலும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற அவளால் மட்டும்தான் முடியும்.

மூடி நெல்சனைத் தாண்டி, தோப்போவைத் தாண்டி வந்தது. அதில் வெள்ளையாக, கருவேப்பிலை மினுக்கத்தோடு ஒரு கரண்டி இருந்தது. ஜெயராமனின் உள்ளங்கை வழக்கம்போல எழுந்தது. எழுந்த கை அப்படியே மல்லாந்து மூடியை வாங்கிக்கொண்டது. அவர் மெதுவாக மென்றார். தயிர் புளிக்காமல் இருந்தது, இஞ்சி தூக்கலாக இருந்தது. நல்ல பசி வேறு. மூடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

இத்தனை வருஷமாகக் காத்திருந்த வெற்றி. ரீத்தா அதை பெஞ்சுக்கு அறிவித்திருக்க வேண்டும். ஃபெரி டிரைவர் வரைக்கும் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவளோ மூடியை வாங்கி முந்தானையால் துடைத்து டப்பாவை மூடிவிட்டு, "தோப்போ பையா, மூங்கில் குருத்து எப்பக் கெடைக்கும்?" என்று ஆரம்பித்துவிட்டாள். சாத்தம் மரமில்லின் வாசனை வந்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள்.

மதியம் ஆபீஸுக்கு அகிலாவின் போன் வந்தது. ஹரிணி நன்றாக இருக்கிறாள் என்றாள். பிறகு, "ரீத்தா நேத்து ராத்திரி பேசுனா. நீங்க சௌக்கியமா இருக்கீங்களாம். இன்னும் அந்தத் தயிர்சாதத்த வுடலையாமே" என்று சிரித்தாள்.

"ஹாங், டீக் ஹூம். நல்லாத்தான் இருக்கேன். நீ ஹரிணியப் பாத்துக்கோ" என்றார் ஜெயராமன். அளவெடுத்த அதே இரவு பேசியிருக்கிறாள். பேசியும் சொல்லவில்லை.

சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே பேண்ட் தயாராக இருந்தது. ஜெயராமன் நன்றி சொல்ல வாயெடுத்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "ரீத்தா, அந்தக் குதிரைவாலி எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க வீட்டுல இருக்கு. நெல்சனுக்குன்னு காலைல ஒரு பொட்டலம் கொண்டாறேன். அவன் வாங்க மாட்டான். நீங்க வாங்கிக்கிடுங்க." முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் சொல்லிவிட்டு, பேண்ட்டைத் தூக்கி உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். இடுப்பின் பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து உள்ளே படிந்திருந்தது.

"பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆனா துணிய வெட்டல. லேசாத்தான் தையல் போட்டிருக்கேன். ஒடம்பு தேறுனதும் பிரிச்சி வுட்டுக்கிடலாம்."

ஜெயராமன் தலையை ஆட்டினார்.

தையலின் கடைசியில் நூல் நுனி நீளமாகத் தொங்கியது. பழக்க தோஷத்தில் ரீத்தா அதைப் பல்லுக்குக் கொண்டுபோனாள். வாய் வரைக்கும் போய்விட்டு நிறுத்தினாள். கடிக்காமல், பின்னால் பிடித்து இழுத்துப் பிரிக்க வாகாக, அந்த நுனியை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, மடிப்புக்குள் பத்திரமாகச் செருகி, பேண்ட்டைப் பையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.