வாளிக்குள் பூச்சி

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள், ஒரு பாம்பு. பேத்தி தர்ஷினி வடிகாலில் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் தண்ணீர்ப் பாம்பின் மீன் வாடை, சின்ன வயதில் புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்தில் தவளைக்குஞ்சு போட்டு ரப்பர்ப் பால்வாளிக்குள் நான் ஒளித்து வளர்த்த மஞ்சள் கோடு போட்ட பாம்பை நினைவில் எழுப்பிவிட்டது. ரப்பர் மரத்தடியில் பாம்பென்று பெயர் சொல்லமாட்டோம், பூச்சி என்போம். நான் வீட்டிலும் அப்படியே சொல்லிவிட்டேன்.

“வாளியில என்னாடி?”

“பூச்சிம்மா.”

“பூச்சிதானே!” என்று அம்மா வெந்நீரை ஊற்றினாள். அது சுற்றிச் சுற்றி வாளியில் மோதிய சத்தம் எனக்கு இன்னும் ஓயவில்லை. இந்தத் தொட்டியிலும் அதே சத்தம். காலையில் நானே பாம்பைக் கொண்டுபோய் வடிகாலில் விட்டுவிட்டேன்.

தர்ஷினி, கட்டிலுக்கடியில் தேடினது போதும்லா. இங்க வந்து நான் எழுதிவெச்ச இதைச் சத்தமாப் படி.