மாப்பிள்ளை மேல் ஆறு பேர்

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் புதுதில்லியில் ரயில் இறங்கினேன். ஜனவரிக் குளிரில் பல் தந்தியடித்தது. லக்ஷ்மிபாய் நகருக்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டு எழுபதுக்கு இறங்கினார். என் பழைய நண்பர் வீட்டில் ஜாகை.

குதுப்மினார் பார்க்க நான் வரவில்லை. ஊர் திருத்துறைப்பூண்டி, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், இருபத்தாறு வருடமாகக் கபடி நடுவர். அண்ணன் மகள் செல்விக்கு வந்திருக்கும் வரனை, அவர்களுக்குத் தெரியாமல் விசாரிக்க வந்தேன். போன வருடம் நிச்சயம் வரை வந்த ஒருவனுக்கு, சொன்ன வேலையே இல்லை என்று தெரிந்து எல்லாம் நின்றுபோனது. இந்த முறை நான் கிளம்பும்போது செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சித்தப்பா, பொய் சொல்ற ஆளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

பையன் பெயர் முரளி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அனுப்பிய போட்டோவில் பக்கவாட்டில் திரும்பி நின்றான். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பதினோரு மணிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், புளியும் அப்பளமும் விற்கும் நம்மூர்க்காரர் கடையில் பேச்சுக் கொடுத்தேன்.

"முரளியா? தங்கமான பையன் சார். அவங்க அம்மா வாரா வாரம் கால் கிலோ மஞ்சத்தூள் வாங்குவாங்க, அவனுக்குப் பத்துப் போட."

"பத்தா? எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் ஆடுறானே. நாளைக்கு மைதானத்துல போய்ப் பாருங்க. அந்தம்மாவும் ஃபிளாஸ்க்கோட அங்கதான் இருப்பாங்க."

கால்பந்தில் கணுக்கால் பிசகும், தெரியும். அதற்குக் கால் கிலோவா?

ஞாயிறு காலை எட்டரை. நண்பர் வீட்டிலிருந்து மைதானம் பத்து நிமிட நடை. பனிமூட்டம் விலக விலக ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. பந்து உருண்டையாகவே இல்லை, உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூர். பெயர்தான் கால்பந்து, ஆனால் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பந்து இல்லாதவனையும் நெஞ்சால் முட்டித் தள்ளுகிறார்கள், கேட்பாரில்லை. நாலைந்து பேர் தலையில்தான் கம்பி வைத்த கவசம். மற்றவர்கள் பெற்றோர் செய்த புண்ணியத்தை நம்பி இறங்கியிருந்தார்கள்.

ஃபிளாஸ்க் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரோஜினி நகரில் ஸ்வெட்டர் வாங்க வந்தவன் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

"என்னங்க இது, சண்டையா?"

"அரே, பயப்படாதீங்க பாய்சாப். அமெரிக்கா ஃபுட்பால். ஆபீஸ்ல அங்க போயிட்டு வந்த பசங்க கத்துக் குடுத்தாங்க. நாலு சான்ஸ். அதுக்குள்ள பத்து கஜம் முன்னாடி போகணும். போனா மறுபடி நாலு. போகலைன்னா பந்து அவங்களுக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிட்டா ஆறு பாயிண்ட். பஸ், அவ்வளவுதான்."

"பந்து வச்சிருக்கிறவனை?"

"பிடிச்சுக் கீழ போடலாம். முழங்கால் தரையில பட்டா அந்தச் சான்ஸ் அங்கயே முடிஞ்சுது." பால்காரன் வந்துபோன சேதி சொல்வதுபோல் சொல்லிவிட்டு எனக்கும் டீ ஊற்றினார்.

அம்மாள் தன் மகன் என்று காட்டிய முரளியின் அணி நாலு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியும் நேரம், நாலாவது சான்ஸ், கோட்டுக்கு இரண்டு கஜம். முரளி பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாய்ந்தான். ஒருவன் இடுப்பைப் பிடித்தான், ஒருவன் காலை. மேலே ஒவ்வொருவராக ஆறு பேர் விழுந்தார்கள். கழுத்து போய்விட்டது என்றே நினைத்தேன். கபடி விசில் எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். எடுத்து ஊதிக்கொண்டே உள்ளே ஓடிவிட்டேன்.

ஆட்டம் நின்றது. குவியல் கலைந்தது. அடியில் முரளி உயிரோடு இருந்தான், பந்தும் இருந்தது. ஒரு கூட்டம் ஆறு பாயிண்ட் என்று கத்தியது, இன்னொன்று இல்லை என்றது. அங்கே நடுவர் கிடையாது. இந்தியில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்: விசில் ஊதினவர் நீங்கள்தானே, கோட்டைத் தாண்டினானா, இல்லையா?

எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது அவன் கழுத்தை, கோட்டையல்ல.

முரளி முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "நஹீ பஹுஞ்சா," என்றான் கூட்டத்திடம். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழில், "எட்டலை சார். ஒரு சாண் முன்னாடியே முட்டி பட்டுடுச்சு." அவன் அணி தோற்றது. கூட்டாளிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இருபத்தாறு வருடத்தில், கோட்டை மிதித்ததைத் தானே ஒப்புக்கொண்ட ஆட்டக்காரன் ஒருவனையும் நான் கண்டதில்லை. அன்று அந்த மைதானத்தில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான். வெட்கமாக இருந்தது. அந்த அம்மாளிடமே போய், நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கள் மாலை, ரயில் நிலைய எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசினேன். உயரம், சம்பளம், சொந்த வீடு என்று அண்ணன் கேட்டுத் தீர்த்த பிறகு, செல்வி போனை வாங்கினாள்.

"சொல்லுங்க சித்தப்பா."

"மூக்கு கொஞ்சம் கோணல்மா. ஆட்டத்துல உடைஞ்சதாம். அதான் போட்டோவுல சைடுல நின்னிருக்கான்."

"நீங்க பாத்துக் கேட்டீங்களா, அவரா சொன்னாரா?"

"நான் வாயே திறக்கலை. பொண்ணுகிட்ட முதல்ல இதைச் சொல்லிடுங்கன்னான்."

"அப்ப அப்பாவை நாள் பாக்கச் சொல்லுங்க," என்றாள்.