நாத்தனாரின் கோணல் வில்

என் நாத்தனாரிடம் ஒரு காரியத்தைச் செய்யாதே என்று சொல்லிவிட்டால் போதும், அது பாதி முடிந்த மாதிரி. சின்ன வயதில் அழக்கூடாது என்று யாரோ அதட்டியதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க அழுதாளாம். கீழ்வீட்டுக்காரர்கள் கூரை ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டார்களாம். இது என் கணவர் சொன்னது. அவளுக்கு அண்ணன் என்பதால் அவர் எதையும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிப் பிழிந்து மடித்தே கைகள் இரண்டும் முறுக்கின கயிறு போல ஆகியிருந்தன. விடுமுறை நாளில் அந்தக் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள மைதானத்துக்கு அம்பு விடப் போய்விடுவாள். வில்லையும் தானே செய்துகொள்வாள். வம்பு அதில்தான் ஆரம்பித்தது.

முதல் வில்லை மரக்கடையில் அறுத்து வாங்கிய பலகையில் செய்திருந்தாள். ரம்பம் மரத்தின் ரேகையைப் பார்த்தா அறுக்கிறது? நாணை இழுத்துப் பிடித்திருந்தபோது அது இரண்டாக முறிந்தது. அந்தச் சத்தத்தில் வேலியில் இருந்த காக்கைகள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. ஒரு துண்டு பறந்துபோய் மைதானப் பொறுப்பாளர் கையிலிருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டது. எதற்கெடுத்தாலும் கழுத்தில் தொங்குவதை எடுத்து ஊதுவதால் அவருக்கு ‘விசில்’ என்று பெயர். அன்று அவர் ஊதவில்லை. சட்டையைத் துடைத்துக்கொண்டே வாயால் சொன்னார்.

“இனிமே கடையில வாங்கின வில்லோட வந்தா வாங்கம்மா. பொறுக்கின கட்டையோட இந்த அம்பு விடற கோட்டுப் பக்கமே வராதீங்க.”

அது பொறுக்கின கட்டை இல்லை, வாங்கின பலகை என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கணவர் மைதானத்தில் நடக்கிற ஆண்டுப் போட்டிக்கு நல்ல வில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“வாங்கின வில்லோட போனா அவர் சொன்னது சரின்னு ஆயிடும் அண்ணா. பொறுக்கினதுன்னு பேரு வந்தாச்சு. இனிமே நிஜமாவே பொறுக்கறேன். அதோடதான் அந்தக் கோட்டுல நிப்பேன்.”

பேருந்துப் பணிமனையின் பின்சுவரை ஒட்டி ஒரு மல்பெரி மரம் கிடந்தது. எந்தப் புயலில் விழுந்தது என்பதில் ஓட்டுநர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. மேலெல்லாம் காளான், உள்ளே எறும்பு. ஓட்டுநர்கள் அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எழுந்திருக்கும்போது கால்சட்டையில் பாதி மரம் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துண்டுபோட்டு எரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவள் ஒரு உளியோடு போனாள். வெளி மரம் ஈர ரொட்டி போல உதிர்ந்தது. உதிர உதிரக் குத்திக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் உளி ‘டங்’ என்று நின்றது. உள்ளே தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த கட்டை அப்படியே இருந்தது.

எரிக்கிற கூலி மிச்சம், தாராளமாக எடுத்துக்கொண்டு போ என்று பணிமனைக்காரர் சிரித்தார். இந்த முறை ரம்பத்தை அவள் தொடவில்லை. ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பிளந்தாள். பிளந்தால்தான் மரம் தன் ரேகை போன வழியிலேயே பிரியும். அடிப்பக்கம் முழுக்க மக்கிப்போயிருந்தது, மேல்பக்கம் வெயிலில் வெடித்திருந்தது. தேறியது இரண்டே கட்டைகள். ஒன்று பிடித்து நிறுத்தின மாதிரி நேர். இன்னொன்று தண்ணீரில் நீந்துகிற பாம்பு. மருத்துவமனைத் துணிவண்டியில், விரிப்புப் போர்த்தி, தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். எதிரே வந்தவர்கள் பிணம் போகிறது என்று தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

கட்டைகளின் முனைகள் வெடிக்காமலிருக்க மெழுகு பூசினாள். நேர்க்கட்டையைச் சலவைக்கூடத்தில் கொதிகலனுக்கு மேலே குழாயில் கட்டிக் காயவிட்டாள். கோணல் கட்டையை எங்கள் மாடி முகப்பில் சாத்தி வைத்தாள். கொடிக்கயிறு தொய்ந்துபோகும் இடத்தில் முட்டுக்கொடுக்க எனக்கு அது வாகாக இருந்தது.

மாதங்கள் போய், நேர்க்கட்டை காய்ந்து வீட்டுக்கு வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து இழைக்க ஆரம்பித்தாள். வில்லின் முதுகு, அதாவது குறியைப் பார்க்கிற பக்கம், மரம் ஒரு வருடத்தில் போட்டுக்கொண்ட ஒரே வளையமாக நுனியிலிருந்து நுனிவரை ஓட வேண்டுமாம். அதை ஓரிடத்தில் வெட்டிவிட்டாலும் வில் அங்கேதான் முறியும். ஒரு காலத்தில் கிளை முளைத்திருந்த இடத்தில் வளையம் கொப்புளம் போல எழும்பியிருந்தது. அவள் அதைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டி, மூக்கு வைத்தது போல அப்படியே விட்டிருந்தாள்.

இப்போது என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்காலி, மேசைகளுக்கு மெருகு போடுவது அவர் தொழில். மேடு பள்ளம் என்றால் அவருக்கு உடம்பே ஆகாது. கல்யாணமான புதிதில் என் முழங்கையையே ஒரு மாதிரிப் பார்த்தவர். தங்கை வேலைக்குப் போயிருந்தாள். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான். பாவம், நேரமில்லாமல் அந்த ஒரு மேட்டை மட்டும் விட்டுவிட்டாள் என்று நினைத்து, இழைப்புளி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெயும் தடவி வைத்துவிட்டார். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

அவள் வந்தாள். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். நாணைப் பூட்டி, அண்ணன் பார்க்க, மிக மெதுவாக வளைத்தாள். பாதிகூட வளையவில்லை. மேடு இருந்த இடத்தில் மெல்லிய மரச் சிலாம்பு ஒன்று பிய்ந்து எழுந்து நின்றது.

என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. கடைக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினார். எப்படியாவது ஒரு வில்லை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். அவள் நேராக மாடி முகப்புக்குப் போனாள். துவைத்த துணியெல்லாம் தரையில் விழுந்தது. கொடிக்கம்போடு திரும்பி வந்தாள்.

“அண்ணி, உங்க முட்டுக்கட்டை எனக்கு வேணும். அண்ணா, நீ கையைப் பின்னால கட்டிக்க.”

அந்த வாரம் முழுக்க அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடமாடினார். சாப்பிடும்போது மட்டும் விலக்கு. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவாள், வளைத்துப் பார்ப்பாள், வளையாமல் விறைப்பாக நிற்கிற இடத்தில் மறுபடி சுரண்டுவாள். முனைகள் இரண்டும் பிடியும் நேராக வந்துவிட்டால், நடுவில் எப்படி நெளிந்தாலும் அம்பு நேராகத்தான் போகும் என்றாள். அந்தக் கட்டையில் மூன்று புடைப்புகள். மூன்றும் அப்படியே இருந்தன.

போட்டியன்று வரிசையில் எல்லோருடைய வில்லும் புது மணப்பெண் மாதிரி மின்னியது. இவளுடையதைப் பார்த்து விசில் இடுப்பில் கைவைத்தார்.

“இது வில்லா, வேலிக்கம்பா?”

“நாண் பூட்டினா வில்லு சார். கழட்டினா எங்க அண்ணி துணி காயப்போடுவாங்க.”

பின்னால் சிரிப்பு எழுந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போன தடவை கண்ணாடிக் கிளாஸ், இந்தத் தடவை யாருடைய கண்ணோ என்றார். முழுசாக இழுத்துப் பிடித்துக் காட்டச் சொன்னார். அவள் இழுத்தாள். அவர் சுற்றிவந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தோள் நடுங்கத் தொடங்கியது. வில் முனகக்கூட இல்லை.

“முறிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“பயமா இருந்தா நீங்க தள்ளி நில்லுங்க சார். நான் நகர்றதா இல்ல.”

வேறு வழி தெரியாமல் அவர் ஒரு புடைப்பைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார். இது கரடுமுரடாக இருக்கிறது, இதை இழைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று கட்டைவிரலைக் கொண்டுபோனார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று திரும்பிப் பார்த்தால் என் கணவர். கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன.

“சார், எதை வேணாலும் சொல்லுங்க. அந்த மேட்டை மட்டும் தொடச் சொல்லாதீங்க.”

விசிலுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நாணைத் தளர்த்தினாள், ஆனால் கோட்டிலிருந்து காலை எடுக்கவில்லை. விசில் ஊதாமல் யாரும் அம்பு விடக்கூடாது என்பது அவரே போட்ட விதி. ஊதினால் இவளும் விடுவாள், ஊதாவிட்டால் போட்டியே இல்லை. வெயில் ஏறியது. வரிசையில் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். கடைசியில், வாயில் பாகற்காய் இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, ஊதினார்.

அவள் அம்பு நடுப்புள்ளியில் போய் நின்றது. அப்படித்தான் நான் தெருவில் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: குறியின் வெளி ஓரத்தில், விழுந்துவிடலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கியது. அவளுக்கு அது போதும். அடுத்த அம்பை எடுத்தாள்.

எங்கள் மாடி முகப்பில் இப்போது கொடிக்கயிற்றுக்கு முட்டுக்கொடுப்பது அந்த வழவழப்பான நேர்க்கட்டைதான். ஊரிலேயே மெருகு போட்ட கொடிக்கம்பு எங்களுடையது.

அடுத்த விடுமுறைக்கு நாங்கள் போனபோது மைதானத்தில் புதுப் பலகை ஒன்று தொங்கியது. வீட்டில் செய்த வில் வைத்திருப்பவர்கள் கோட்டின் கடைசியில், ஓரமாக நிற்கவும் என்று எழுதியிருந்தது. என் நாத்தனார் அதை நின்று நிதானமாகப் படித்தாள். பிறகு போய் நட்டநடுவில் நின்றாள்.