ஒற்றைப் பூச்சுப் பச்சை

என் அக்கா புருஷனை ஊரில் எல்லாரும் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மாமா. வாயில்லாப் பூச்சி என்று அவரைப் பாராட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூச்சிக்கு நிஜமாகவே வாய் கிடையாது. இவருக்கு இருக்கிறது. திறக்கத்தான் மாட்டார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கடைப் பலகை, டிராக்டர் நம்பர், பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் அவர் கைதான். அதனால்தான் தண்ணீர் சோதிக்கிறவர்கள் ஜீப்பில் வந்து இறங்கியபோது அவரையே கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு அடிபம்பு. தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும், வாடை இருக்காது, ருசியாகவும் இருக்கும். அதில்தான் ஆர்செனிக் என்று ஒரு விஷம் இருக்கிறதாம். மண்ணுக்கு அடியிலேயே கரைந்து வருகிறது, கொதிக்க வைத்தாலும் போகாது, வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் தோலில் தெரியும், பிறகு உடம்பைத் தின்றுவிடும் என்றார்கள். வீடு வீடாகச் சோதித்தார்கள். குடிக்கலாம் என்றால் பம்புக்குப் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. அவர்கள் சொல்லச் சொல்ல மாமா அடித்தார். பிறகு ஜீப் போய்விட்டது. சிவப்பு வீட்டுக்காரர்கள் எங்கே போய்க் குடம் வைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பக்கத்து வீட்டில் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள்.

விஷத்தைவிடச் சிவப்பு வேகமாக வேலை செய்தது. அந்த வீடுகளில் பெண் எடுக்கவும் ஆள் இல்லை, கொடுக்கவும் ஆள் இல்லை. அந்த வீட்டு ரத்தமே கெட்டது என்று பேச்சு. ஒரு நாள் தையல்காரி மாமாவிடம் வந்து அழுதாள். புருஷன் இல்லாமல் ஒரு பெண்ணை வளர்த்தவள்.

"அண்ணே, நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க. பம்புக்குப் பச்சை அடிச்சுக் குடுங்க. அவங்க போனதும் மறுபடி சிவப்பாக்கிடலாம்."

அடித்துக் கொடுத்தார். கல்யாணம் நடந்தது. பச்சை அப்படியே நின்றது. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு எல்லாம் தெரியும், வெளியூர்க்காரர்களிடம் மூச்சு விடமாட்டார்கள். வேறு எதிலும் இல்லாத ஒற்றுமை இதில் இருந்தது. சோதனை ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, எல்லாம் பச்சையாயிடுச்சே" என்று மெச்சிவிட்டுக்கூடப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில்தான் மறைக்க முடியாது. பெயிண்டில் மறைக்கலாம்.

என் அக்கா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெண்ணை வளர்த்தது நான்தான். பக்கத்து ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் மோட்டார் மெக்கானிக், குடி கிடையாது, தங்கமான குணம். வீட்டைப் பார்க்க நானும் மாமாவும் போனோம். வாசலில் பச்சைப் பம்பு. பையனின் அம்மா கைகளை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்து விட்டுக்கொண்டு, "வாங்க பெயிண்டரே" என்று சிரித்தாள். மாமா கை கழுவ நான் தண்ணீர் அடித்துவிட்டேன். கைப்பிடி ஆணியையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் கழுவினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், யார் பச்சை அடித்தது என்ற கேள்வி வரும். அவர் வாய் திறக்கமாட்டார் என்று அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டுக்கும் அவர் அடித்திருந்தது எனக்குத்தான் தெரியாது. பம்பு நல்ல பச்சை என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன், முட்டாள்.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து, பெண் தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையைப் பிடித்தேன். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. விரித்துப் பார்த்தால் மிளகு மிளகாகக் காய்ப்பு, நடுநடுவே கறுப்புப் புள்ளி.

"என்னடி இது?"

"பாத்திரம் தேய்க்கிற கை அப்படித்தான் சித்தி. எங்க மாமியாருக்கும் இருக்கு. அவருக்குக்கூட லேசா வந்திருக்கு."

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்தார். கொட்டகைக்குப் போய்ச் சிவப்பு டின்னைத் தேடி எடுத்தார். மேலே ஆடை கட்டியிருந்ததைக் குத்திக் கிழித்தார். யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிவிட்டார். எனக்குப் பொறி தட்டியது. பெண்ணையும் பையனையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது பம்பில் பாதி சிவப்பு. மாமியார்க்காரி அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, என் சின்னப் பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம். அது முடியட்டும். உங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாரும் இதைத்தாம்மா சொன்னீங்க" என்றார். பிரஷ் நிற்கவில்லை.

பெண் கிட்டே போனாள். "அப்பா, இது முதல்லயே சிவப்பா?"

"ஆமா."

"பச்சை அடிச்சது யாரு?"

பிரஷ் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இன்னைக்காவது வாயைத் திறங்க மாமா!" என்று கத்தினேன்.

"நான்தான்."

"என் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிம்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு வசதியாகப் போயிருக்கும். கைப்பிடி ஆணியைத் தொட்டுக் காட்டினாள். அங்கே பச்சை தேய்ந்து, அடியில் பழைய சிவப்பு வளையமாகத் தெரிந்தது. ஒற்றைப் பூச்சு அடித்தால் அப்படித்தான்.

"வந்த மறுநாளே இதைப் பார்த்தேன். பிடிச்ச தண்ணியைக் கீழே ஊத்தினேன். அப்புறம் யோசிச்சேன். எங்கப்பா இதுலதானே கை கழுவினாரு, பெயிண்டர் கண்ணுக்கு இது தப்புமா, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதானே என்னைக் குடுத்திருப்பாருன்னு நினைச்சேன். குடிச்சேன். இவனுக்கும் குடுத்தேன்."

பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போன பையனைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

அந்தப் பம்பு இப்போதும் சிவப்புத்தான். மாமியார்க்காரி மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருக்கிறாள், வரன் பார்க்கிறவர்கள் வந்தால் தெரியக் கூடாதாம். எங்கள் பெண் ஊர்க்கோடியில் பள்ளிக்கூடத்துப் பம்புக்கு நடக்கிறாள். அது நல்ல தண்ணீர் என்று இந்தத் தடவை சோதித்த சீட்டைத் தன் கையால் வாங்கிப் பார்த்த பிறகுதான் குடம் வைத்தாள். மாமா தினம் சைக்கிளில் வந்து அந்த வழியில் நிற்பார்.

"குடும்மா, நான் தூக்கிட்டு வர்றேன்" என்று கையை நீட்டுவார்.

அந்தக் கையைப் பார்ப்பாள். குடத்தைத் தரமாட்டாள்.