தெர்மாகோல் சாவி

நேற்றுவரை கோட்டூர்புரத்தில் என் வீட்டுப் பரணில் ஆறடி நீளச் சாவி ஒன்று கிடந்தது. தெர்மாகோலில் வெட்டி, மேலே தங்க நிறத் தாள் ஒட்டியது. எடையே கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஆலோசகர்தான் நினைவுக்கு வருவார். அவரிடமும் பளபளப்பு மட்டும்தான் இருந்தது.

அடையாறில் இருந்த ஓர் அறக்கட்டளையில் நான் களப்பணியாளன். வேலை முடிந்த பிறகு நாடகம், பாட்டு என்று அலைகிற சாதாரண மனிதர்களின் கலையை ஆதரிப்பது எங்கள் கொள்கை. அந்தக் கொள்கையை எழுதியவர் ஆலோசகர். எழுதுவதற்கு முன் அப்படிப்பட்ட ஒருவரையாவது பார்த்துப் பேசியிருப்பார் என்று நான் நம்பவில்லை. "அவங்ககிட்ட இருக்கறது ஆர்வம். நம்மகிட்ட இருக்கறது ஸ்ட்ரக்சர்" என்பார். சொல்லிவிட்டு, யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். நான் குறித்துக்கொள்வேன். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்காகத்தான்.

சிந்தாதிரிப்பேட்டை நாடகக் குழுவை அவருக்குக் காட்டிக் கொடுத்த பாவம் என்னுடையது. பைண்டிங் கடை வைத்திருந்த ஒருவர் அதை நடத்தினார். எல்லோரும் அவரை நைனா என்பார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஒரு நர்ஸ், ஜெராக்ஸ் கடைப் பெண் என்று ஏழெட்டுப் பேர். பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை, பூட்டிக் கிடந்த தையல் வகுப்பறையின் சாவியை நைனாவிடமே கொடுத்து வைத்திருந்தார். போகும்போது விளக்கை அணைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆறரைக்குக் கூடுவார்கள், எட்டரைக்குக் கலைவார்கள், வருஷத்துக்கு ஒரு நாடகம் தெருவில் போடுவார்கள். ஜெராக்ஸ் கடைப் பெண் ராணி வேஷத்தில் பேசுவதைக் கேட்டால், பகல் முழுவதும் 'ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா' என்று மட்டும் கேட்கிற குரல் அது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இதைக் கேட்ட ஆலோசகர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பள்ளியோடு கூட்டு ஒப்பந்தம் போட்டார். அறைக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, 'தன்னார்வக் கலைக்கூடம்' என்று பலகை வைத்தார். நைனாவிடமிருந்து பழைய சாவியை வாங்கி வந்தவன் நான். "புதுசு குடுத்துடுவீங்கல்ல சார்?" என்றார். திறப்பு விழாவில் கொடுத்தோம், இந்த ஆறடிச் சாவியை. ஒரு முனையை ஆலோசகரும் மறுமுனையை நைனாவும் பிடிக்க, படம் எடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் அதையும் நானே திரும்ப வாங்கிக் காரில் ஏற்றினேன். மறுநாள் கதவில் புதுப் பூட்டு, பக்கத்தில் ஓர் அறிவிப்பு. கூடம் திறந்திருக்கும் நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, ஞாயிறு விடுமுறை.

பகலெல்லாம் உழைக்கிறவர்களின் கலைக்கு ஆபீஸ் நேரம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆண்டியாவது சம்பளம் வாங்கிக்கொண்டு ஊதவில்லை. ஆலோசகரிடம் சொன்னேன், ஒரே ஒரு முறை, மெதுவாக. "ஆறு மணிக்கு மேல ஏசிக்கு யார் பொறுப்பு? அவங்க லீவு போட்டுட்டு வரட்டும். கலைன்னா கொஞ்சம் தியாகம் வேணாமா?" என்றார். வெட்கம் கெட்டவன், அதையும் குறித்துக்கொண்டேன். அந்த வருஷம் தெருவில் நாடகம் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஜெராக்ஸ் கடைப் பெண் கல்யாணமாகி நங்கநல்லூர் போய்விட்டாள். எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் மட்டும் நைனா சாவியோடு சிரித்துக்கொண்டிருந்தார். திட்டம் முடிந்து ஆலோசகர் இப்போது வேறோர் ஊரில் கைத்தொழில்களை ஆதரிக்கிறாராம். அந்த ஊரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நேற்று நைனா போன் செய்தார். "அந்தப் பெரிய சாவி உங்களாண்ட கீதா சார்? நாடகத்துக்கு வேணும்." கடையிலேயே, காகிதக் கட்டுகளை ஓரம் தள்ளி, மறுபடி ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்களாம். நங்கநல்லூரிலிருந்து ராணியும் வருகிறாளாம். புது நாடகத்தில் ஓர் ஆலோசகர் உண்டு. கேஸ்காரர் பிரமாதமாகச் செய்கிறாராம்.

"உங்க வேஷமும் கீது சார். வசனம் ஒண்ணும் இல்ல. சாவியத் தூக்கிக்கினு அவரு பின்னாடியே நிக்கணும்."

யார் செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் ஆளு கெடைக்கல சார். கேட்டா அத்தினி பேரும் மாட்டேன்றாங்க."

ஸ்டூல் போட்டு ஏறிச் சாவியை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். ஒத்திகை ஆறரை மணிக்கு.