பிளாப்பிக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. அட்டைகளில் எழுதி வைத்திருந்த புத்தக விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எங்கள் நூலகமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த இன்னொரு நூலகமும் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்துக்கொள்வதென்று முடிவாகியிருந்தது. கம்ப்யூட்டர் எங்களிடம் இருந்தது. அவர்கள் டெலிபோன் லைன் வழியாக அதற்குள் வந்து டைப் அடிப்பார்கள். லைன் சேரும்போது மோடம் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்துக்கே நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். எந்த விசையைத் தொட்டாலும் ஏதோ அழிந்துவிடும் என்று நம்பினேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எங்கள் நூலகர் சொல்லிவிட்டார்: "தப்பு நடந்துச்சுன்னா, யாருன்னு பாக்க மாட்டேன். அன்னைக்கே வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அடித்தவர் ஓர் அக்கா. சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அவருக்கும் தற்காலிக வேலைதான், பட்டியல் வேலை என்பதால் அவரும் எங்கள் நூலகருக்குக் கீழேதான். பக்கத்து ஊர் என்றாலும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. இருவரும் ஒரே மாதிரி அடிக்காவிட்டால் ஒரே புத்தகம் பட்டியலில் இரண்டாகிவிடும். அதனால் விதிகளை ஒரு நோட்டில் எழுதி, ஆளுக்கொரு நகல் வைத்திருந்தோம். இனிஷியல் பெயருக்குப் பின்னால் வர வேண்டும். வருடம் இல்லாத புத்தகத்துக்கு நாமாக வருடம் போடக் கூடாது. தேடிப் பார்க்காமல் புதுப் பதிவு போடவே கூடாது. நான் மூன்றாவது விதியில்தான் அடிக்கடி வழுக்கி விழுவேன். உடனே அக்காவிடமிருந்து டெலிபோன் வரும்.

"ஏட்டி, அந்தப் புத்தகத்த நா போன வாரமே ஏத்திட்டேன். அதுக்குக் கீழ ஒங்க பிரதிய மட்டும் சேத்தாப் போதும். நீ புதுசா ஒண்ணு போட்டு வச்சிருக்க."

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"சரி சரி, பயப்படாத. நா சரி பண்ணிக்கிடுதேன்."

இப்படி அவர் சரி பண்ணிய என் தவறுகளுக்குக் கணக்கே இல்லை. நூலகர் காதுக்கு அதில் ஒன்றுகூடப் போனதில்லை.

ஆயுத பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, விடுமுறை முடிந்ததும் புதிது மாட்டுவதாகச் சொன்னார். நல்லவேளை, முந்தின நாள்தான் பட்டியல் முழுவதையும் பிளாப்பிகளில் நகல் எடுத்திருந்தேன். "இனி எல்லாமே இதுலதான் இருக்கு, பத்திரமா வைங்க" என்று அவற்றை என் கையில் கொடுத்தார்.

பத்திரமான இடம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நூலகர் ஊருக்குப் போயிருந்தார். நானும் கூட்டிப் பெருக்கும் அம்மாவும்தான் பூசை போட்டோம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி, பிளாப்பிகளையும் பக்கத்தில் வைத்தேன். உறையோடு வைப்பது மரியாதையில்லை என்று தோன்றியதால் ஒவ்வொன்றையும் உருவினேன். அந்தக் காலத்துப் பெரிய பிளாப்பியில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே தட்டு பழுப்பாக மினுங்கும். பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் உண்டா? குழைத்த சந்தனத்தை அங்கேயே வைத்து, மேலே குங்குமம் இட்டேன். ஒன்றையும் விடவில்லை. இந்த வேலை நிலைக்கட்டும் தாயே என்று மனமாரக் கும்பிட்டேன். பூசையில் வைத்ததைத் தொடக் கூடாது என்பதால் விடுமுறை முடியும்வரை அவை அங்கேயே இருந்தன.

நூலகம் திறந்த அன்று காலையில் காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, பழையபடி உறையில் போட்டேன். அதுவரை எனக்குப் பயமே இல்லை. இன்ஜினியர் வந்து புது டிஸ்க்கை மாட்டினார். ஒரு பிளாப்பியின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி நூலகரிடம் காட்டினார். "இந்தத் தொறப்புல வெரல் ரேகை பட்டாலே போச்சு சார்."

காலையில் துடைத்த ஈரத்துணியை மேஜைக்கடியில் தள்ளினேன். முதல் பிளாப்பியைச் செருகியதும் கம்ப்யூட்டர் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். எட்டு மாத வேலையில் ஒரு பதிவுகூட மீளவில்லை.

"ஏதோ ஈரம் பட்ட மாதிரி இருக்கு. இல்லன்னா லைன்ல வரும்போதே கெட்டிருக்கணும்" என்றார் இன்ஜினியர்.

நூலகர் அந்த இரண்டாவது காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "லைன்ல வாரது ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மாதான். அவியதான் கெடுத்திருக்காக." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பத்திரமாத்தான வச்சிருந்த?"

"ஆமா சார்."

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்குக் கொஞ்சம்கூட நேரம் ஆகவில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்தார். அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று எனக்கு உயிர் போனது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நூலகர் அங்கேயே நின்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டெலிபோன் செய்து, அக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

அன்று மத்தியானம் அக்கா என்னை அழைத்தார். எல்லாம் தெரிந்துதான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எதிர்மேஜையில் நூலகர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, போறதுக்கு முன்னாடி ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். டிஸ்க்கு கெட்டதுக்கு மொத நாளு, பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல, முறையா முடிச்சு வெளிய வராம லைன வெட்டிட்டேன். அன்னையிலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதுலதான் எல்லாம் போயிருக்கு. நீ அம்புட்டு மாசம் அடிச்சதையும் சேத்துக் கெடுத்துட்டேனே. என்னய மன்னிச்சிருட்டி."

வாயைத் திறந்தேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

"பரவால்லக்கா, விடுங்க" என்றேன்.

அக்கா அழுதார். நான் மன்னித்துவிட்டேன் என்ற நிம்மதியில்தான் அழுதார்.